ஈத்தூண்டிலும் ஏலகிரி ஏரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆல்ப்ஸ் மலை ஆறுகளில் ட்ரவுட் மீன் பிடிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் கட்டுரை முழுக்க ‘பறக்கும் தூண்டில்’, ‘பறக்கும் மீன்பிடி’ என்றே போட்டிருக்கிறீர்களே, அது பொறுக்காமல்தான் இந்தக் கடிதம். ஃப்ளை ஃபிஷிங்கில் எதுவும் பறப்பதில்லை. அந்த ஃப்ளை, ஈ. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிக் கட்டிய பொய் ஈ. ‘ஈத்தூண்டில்’ என்று போட்டிருந்தால் வேலை முடிந்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். 2009இல் இரண்டு மாதப் பயிற்சிக்கு இத்தாலியில் மோன்டெபெல்லூனா என்ற ஊருக்கு அனுப்பினார்கள். பனிச்சறுக்கு பூட்ஸுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே எனக்கு பேட்டர்ன் வெட்டச் சொல்லிக்கொடுத்த பெரியவருக்கு மீன் பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் என்னை வண்டியில் ஏற்றி, எல்லை தாண்டி ஸ்லோவேனியாவில் சோச்சா ஆற்றங்கரையில் இறக்கிவிட்டார்.

ஜூன் மாதம். வேலூர் வெயிலில் வளர்ந்த காலை அந்தத் தண்ணீரில் வைத்ததும் குளிர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே பச்சையும் நீலமும் கலந்து ஓடுகிற ஆறு. ஆள் உயர ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லை ஒவ்வொன்றாக எண்ணலாம். நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டும் புழுவும் எடை கொடுத்து நைலான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முள்ளுக்கு எடையே கிடையாது. அதனால் எடையைக் கயிற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். தடித்த கயிறு, அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு, அதன் நுனியில் ஈ. தூண்டில் கொம்பை வண்டிக்காரன் சாட்டை மாதிரிப் பின்னால் வீச வேண்டும். கயிறு முழுக்க விரியும்வரை ஒரு கணம் பொறுத்து, அப்புறம் முன்னால் தள்ள வேண்டும். நான் பொறுக்கவில்லை. ‘பட்’ என்று நிஜச் சாட்டைச் சத்தமே வந்தது. ஈ அறுந்து எங்கேயோ போய்விட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொன்றைக் கட்டினார். மூன்றாவது ஈ என் தொப்பியில் மாட்டியது.

ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, மேலிருந்து மிதந்து வரும் பூச்சிக்குக் காத்திருக்கும். அதனால் நாம் கீழே இருந்து, அதன் முதுகுப் பக்கமாக, நிழல் விழாமல் போக வேண்டும். அதற்கு முன்னால் பெரியவர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. குனிந்து ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். அடியில் மணலை ஒட்டிக் கட்டிய சின்னக் கூடுகள். உள்ளே புழு. இந்தப் பூச்சிகள் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில் கழித்துவிட்டு, இறக்கை முளைத்து மேலே வந்து சில நாட்களிலோ வாரங்களிலோ செத்துப்போகும். இன்றைக்கு எந்தப் பூச்சி மேலே வருகிறதோ, அதே அளவில், அதே நிறத்தில் ஈயைக் கட்ட வேண்டும். வேறு எதைப் போட்டாலும் மீன் திரும்பிப் பார்க்காது.

அவருடைய தகரப் பெட்டியில் ஒரு வரிசையில் பெரிய ஈக்கள் இருந்தன. சால்மனுக்குக் கட்டியவையாம். ஒன்றின் பக்கவாட்டில் கறுப்பு இறகில் மெழுகு பூசியது போல வெளிர் மஞ்சள் பொட்டு. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஒடுகத்தூருக்கு மேலே காட்டில் கூவுகிற காட்டுச் சேவலின் கழுத்து இறகு! என் சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தாத்தா கண்ணி வைத்துப் பிடித்து வந்து திண்ணையில் உரிக்கும்போது, அந்த இறகைப் பொறுக்கிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். 1972 வனவிலங்குச் சட்டப்படி காட்டுக்கோழியைத் தொடக்கூடாது. வெளிநாட்டுக்காரர்கள் பண்ணையில் வளர்த்து இறகு எடுக்கிறார்களாம். இந்தியாவை விட்டால் வேறு எங்கும் காட்டில் இல்லாத பறவை, அந்தச் சாம்பல் காட்டுக்கோழி. அந்தப் பெரியவருக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையின் கடைசிப் பத்தியில், ‘நீலகிரியின் சொந்த மீனான ட்ரவுட்டை ஏலகிரி ஏரியிலும் ஜவ்வாது மலை ஓடைகளிலும் விட்டால் வட ஆற்காட்டுப் பக்கம் சுற்றுலா வளரும்’ என்று கட்டுரையாளர் யோசனை சொல்லியிருக்கிறார். இது வேண்டாம்.

முதலில், ட்ரவுட் நீலகிரியின் சொந்த மீன் இல்லை. வெள்ளைக்காரர்கள் தாங்கள் தூண்டில் போடுவதற்காகக் கொண்டுவந்தது. 1860களில் ஃபிரான்சிஸ் டே என்பவர் முயன்று பார்த்துத் தோற்றுப்போனார். வில்சன் என்ற அதிகாரி காலத்தில், 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகுதான் வானவில் ட்ரவுட் அங்கே நிலைத்தது. அதன் தாய்நாடு பசிபிக் கடலோர அமெரிக்கா. அவலாஞ்சி 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நம் ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே இந்த மீன் தவிக்கும். 25ஐத் தாண்டினால் பிழைப்பது கஷ்டம். குளிர்ந்த தண்ணீரில்தான் ஆக்சிஜன் அதிகம் கரையும். 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் நிற்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மே மாதம் ஏலகிரியில் பெடல் படகு மிதித்தவர்களைக் கேளுங்கள், தண்ணீர் எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்வார்கள்.

சாகத்தானே போகிறது, விட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சாகாமல் பிழைத்துக்கொண்டால்தான் எனக்குப் பயம். சோச்சாவின் சொந்த மீன் மார்பிள் ட்ரவுட். ஏட்ரியாட்டிக் கடலில் விழும் ஆறுகளில் மட்டும் உள்ளது, ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். அங்கே தூண்டிலுக்காகப் பழுப்பு ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான், அதனால்தான் வினை. கலந்து கலந்து, கலப்பில்லாத மார்பிள் ட்ரவுட், பழுப்பு ட்ரவுட் ஏற முடியாத சில மேல் ஓடைகளில் மட்டுமே மிஞ்சியது. அதைப் பிடித்து வளர்த்து மறுபடி ஆற்றில் விடும் வேலையைத் தூண்டில்காரர்களே செய்கிறார்கள். பிடித்த மார்பிள் ட்ரவுட் ஒன்றைப் பெரியவர் தண்ணீருக்குள்ளேயே வைத்து, தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள் இல்லாததால் ஒரு திருகில் கழற்றி விட்டார். உடம்பெல்லாம் நம் வீட்டு மொசைக் தரை மாதிரிக் கோலம். நான் கேமராவை எடுப்பதற்குள் போய்விட்டது.

நம் ஊரிலும் இந்தக் கதை நடந்தாயிற்று. 1952இல் ஆப்பிரிக்க ஜிலேபி மீனை இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். இன்று எங்கள் ஏரியில் வலை போட்டால் பாதிக்கு மேல் அதுதான். நான் சின்னப் பையனாக இருந்தபோது கை நிறைய அள்ளிய அயிரையையும் குறவையையும் தேட வேண்டியிருக்கிறது.

பெரியவர் அன்பளிப்பாகக் கொடுத்த கொம்போடு ஊர் வந்து சேர்ந்தேன். முதல் மழைக்கு ஈசல் கிளம்பின மாலை, ஏரியில் கெண்டைப் பொடிகள் மேலே வந்து கொத்துவதைப் பார்த்து ஆசை வந்தது. கரையில் நின்று வீச ஆரம்பித்தேன். மாடு ஓட்டி வந்த பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்ன சார், கம்பெனியிலே வேலை இல்லையா, ஈ ஓட்டுறீங்க?” என்றான். மூன்று நாளில் விரல் நீளத்தில் ஒரே ஒரு கெண்டை. சீமைக் கருவேல மரத்தில் நான்கு ஈ.

போன தை மாதம் பேரனோடு ஜவ்வாது மலையில் அமிர்தி ஓடைக்குப் போயிருந்தேன். ஒரு கல்லைப் புரட்டினோம். அதே மாதிரி மணல் கூடு, உள்ளே புழு. பையன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டான். அழுக்குத் தண்ணீர் வந்தால் முதலில் சாகிறவற்றில் இந்த மாதிரிப் பூச்சிகளும் உண்டு. தோல் கழிவு ஓடிய பாலாற்றில் கல்லைப் புரட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. தோலில் சோறு தின்றவன்தானே நானும். அந்தக் கழிவுக்காக 1996லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியாயிற்று. மலையில் மிச்சம் இருக்கும் ஓடையில் அமெரிக்க மீனை விட்டு இந்தப் புழுவையும் தின்னக் கொடுக்க வேண்டுமா?

எங்கள் ஊர் உத்திரக் காவேரி ஆற்றில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும். கெளுத்தி மண்புழுவுக்கே வரும், ஈ கட்ட வேண்டியதில்லை. உங்கள் கட்டுரையாளர் வருவதானால் மூங்கில் கொம்பு நான் வெட்டி வைக்கிறேன். தக்கையும் முள்ளும் ஒடுகத்தூர்க் கடையிலேயே கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஷூ தொழிலாளி,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.