நேரம் குறிக்காத அறிக்கை

நாகர்கோவில்

அன்பு மகளுக்கு,

தொலைபேசியில் சொன்னால் உன் அம்மை நடுவில் புகுந்து உனக்குப் பரிந்து பேசிவிடுவாள் என்பதால் எழுதுகிறேன். ஆலையில் தீப்பிடித்த அரை மணி நேரத்துக்குள், மேலாளர் சொன்ன ஒற்றை வாக்கியத்தை நம்பி, யாருக்கும் காயமில்லை என்று மக்கள் தொடர்பு வேலையில் இருக்கும் நீ நிருபர்களுக்கு அறிக்கை அனுப்பியதும், மாலையில் இருவர் மருத்துவமனையில் இருப்பது தெரியவந்து நிருபர்கள் உன்னை ஏசியதும் வருத்தத்துக்குரியவைதான். நீ பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னாய். முப்பது ஆண்டுகள் செய்திக்குறிப்புகளை வாங்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வேறுபாடு புரியும். உன்னை அழைத்த நிருபருக்கு அது புரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தை அடித்துப் போட்டது உனக்கு நினைவிருக்கும். தூத்தூர் பக்கத்து விசைப்படகுகள் பல நாள் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவை. எச்சரிக்கை வந்தபோது அவற்றில் பல எட்டாத தூரத்தில் இருந்தன. அந்த நாட்களில் எனக்கு வந்த குறிப்புகளில் மீட்கப்பட்டோர் இத்தனை பேர், கரை சேர்ந்தோர் இத்தனை பேர் என்று எண்கள் மட்டும் இருந்தன. கடற்கரை ஊர் ஒன்றின் பங்குக் கோயில் வளாகத்திலோ, கோடு போட்ட நோட்டுத் தாளில் படகின் பெயர், கடலுக்குப் போன தேதி, ஆளின் பெயர், தகப்பன் பெயர் என்று எழுதி, திரும்பியவர் பெயருக்கு நேரே பேனாவால் குறி போட்டிருந்தார்கள். குறிப்பில் இருந்த எண்ணை நான் வாசித்தபோது ஒரு பெண் கேட்டாள்: "அதுல எங்க வீட்டாளு உண்டா?" என்னிடம் பதில் இல்லை. எண் மறுநாள் மாறியது, பிறகும் மாறியது. எது எத்தனை மணி நிலவரம் என்று எந்தத் தாளிலும் இல்லாததால், சரியான எண் வந்தபோதும் அந்த ஊரில் அதை நம்ப ஆளில்லை.

ஆகவே அடுத்த முறை மேலாளரிடம் கேட்பதற்கு முன் வருகைப் பதிவேட்டையும் வாயில் காவலரின் நோட்டையும் கேள். ஒப்பந்த ஆட்களின் பெயர் பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் மேஸ்திரியிடம்தான் இருக்கும். (அந்த இருவரும் ஒப்பந்த ஆட்கள் என்று நீ சொன்னபோது எனக்கு வியப்பாக இல்லை.) பிறகு, "காலை 11.20 நிலவரப்படி 64 பேரில் 58 பேரை நேரில் பார்த்துவிட்டோம், ஆறு பேரைத் தேடுகிறோம், அடுத்த தகவல் 12.30 மணிக்கு" என்பதுபோல் எழுது. 12.30க்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், இல்லை என்று சொல்லவாவது நீயே அழைக்க வேண்டும்.

1906-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ரயில் வண்டி பாலத்திலிருந்து நீரில் விழுந்தபோது, உங்கள் மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடி ஐவி லீ, ரயில் நிறுவனத்தின் பெயரில் தகவலை எழுதிக் கொடுத்து, நிருபர்களையும் விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துச் சென்றார். அவர் பின்னாளில் செய்த வேலைகள் பல எனக்கு ஏற்பில்லை. அன்று செய்தது சரி.

உன் திருத்த அறிக்கையில் "தகவல் இடைவெளி" என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு, "நாங்கள் தவறாகச் சொன்னோம்" என்று எழுது. மருத்துவமனைக்கு நீ இன்னும் போகவில்லை என்றாய். நாளைக்கே போ மக்ளே, கேமராக்காரரை அழைத்துச் செல்லாதே. அம்மை நேந்திரங்காய் சிப்ஸ் மூன்று பொட்டலம் அனுப்புகிறாள், இரண்டு அவர்களுக்கு.

அன்புடன்,
அப்பா