அமானுஷ்யத் தொடருக்குள் ஓர் இயற்கை மரணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமானுஷ்யத் தொலைக்காட்சித் தொடர்களைக் குறித்துத் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரை, இறந்தவர் எவரும் எந்நேரமும் திரும்பி வரலாம் என்பதால் இவ்வகைக் கதைகளில் மரணத்துக்கு எடையே இல்லாமல் போய்விடுகிறது என்று முடிகிறது. பல தொடர்களுக்கு இது பொருந்தும் என்பதை ஏற்கிறேன். ஆனால் கட்டுரையாளர் போகிற போக்கில் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்ட 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' தொடரின் ஐந்தாம் பருவத்துக்கு இது சற்றும் பொருந்தாது. தாயை இழந்த ஒரு வீட்டின் துயரத்தை அவ்வளவு நேர்மையாகக் காட்டிய தொலைக்காட்சி நாடகத்தை நான் வேறு பார்த்ததில்லை.

அமெரிக்காவின் டபிள்யூபி அலைவரிசையில் 2000 செப்டம்பர் முதல் 2001 மே வரை 22 அத்தியாயங்களாக இந்தப் பருவம் ஒளிபரப்பானது. கலிபோர்னியாவில் சன்னிடேல் என்ற கற்பனை ஊரில் இரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் பஃபிக்கு நான்கு பருவங்களாக உடன்பிறந்தவர் எவரும் கிடையாது. ஐந்தாம் பருவத்தின் முதல் அத்தியாயம் முடியும் தறுவாயில் டான் என்ற 14 வயதுத் தங்கை, பிறந்தது முதல் அதே வீட்டில் இருந்தவள் போலத் தோன்றுகிறாள். உலகங்களுக்கிடையே உள்ள வாயிலைத் திறக்கும் ஒரு சக்தியை, குளோரி என்னும் நரக தெய்வத்திடமிருந்து மறைப்பதற்காகத் துறவிகள் சிலர் மனித வடிவாக்கி, எல்லோருடைய நினைவுகளையும் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்பது பின்னர்தான் தெரிகிறது.

இந்த மாய ஏற்பாட்டின் உண்மையான பயன் தாய் ஜாய்ஸின் கதையில்தான் வெளிப்படுகிறது. மூளைக் கட்டியால் நினைவு தடுமாறிக் கிடக்கும் ஜாய்ஸ், டான் தன் வயிற்றில் பிறந்தவள் அல்லள் என்பதை ஒரு கணத் தெளிவில் உணர்ந்துகொள்கிறார். உணர்ந்த பிறகும் அவளைத் தன் மகளாகவே கொண்டு, தனக்கு ஏதேனும் நேர்ந்தால் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பஃபியிடம் உறுதி கேட்கிறார். நினைவுகள் புனையப்பட்டவையாக இருந்தாலும் பாசம் பொய்யாகிவிடாது என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்ல முடியும்?

அறுவைச் சிகிச்சை வெற்றியடைந்து, ஜாய்ஸ் தேறி, புதிதாக அறிமுகமான ஒருவர் அனுப்பிய பூங்கொத்து மேசை மேல் இருக்கும்போது, பட்டப்பகலில் வீட்டுக்குத் திரும்பும் பஃபி, சோபாவில் கண் திறந்தபடி உயிரற்றுக் கிடக்கும் தாயைப் பார்க்கிறாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்ததே காரணம். பேயும் இல்லை, சூனியமும் இல்லை, பழிவாங்க எதிரியும் இல்லை. அடுத்த நொடியிலிருந்து தொடங்குவதுதான் 2001 பிப்ரவரி 27 அன்று ஒளிபரப்பான 'தி பாடி' என்ற 16ஆம் அத்தியாயம். தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனே இதை எழுதி இயக்கினார்.

இந்த அத்தியாயத்தில் பின்னணி இசை அறவே கிடையாது. எங்கே அழ வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லாததால், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலும் பஃபியின் கைகளுக்கடியில் விலா எலும்பு முறியும் ஓசையையும், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போன பிறகு புழக்கடைக் கதவைத் திறந்ததும் எதுவுமே நடக்காதது போலக் கேட்கும் அக்கம்பக்கத்துச் சத்தங்களையும் நாம் தப்பிக்க வழியின்றிக் கேட்கிறோம். பள்ளியில் டானிடம் செய்தியைச் சொல்லும் இடத்தில் கேமரா வகுப்பறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. சக மாணவர்களைப் போல நாமும் அவள் சரிந்து விழுவதைப் பார்க்கிறோமே தவிர, பஃபி சொன்ன சொற்கள் நமக்குக் கேட்பதில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழிதீர்க்கும் பேயாக வாழ்ந்து மனுஷியான ஆன்யா, எத்தனையோ பேரைக் கொன்றவள், ஜாய்ஸ் ஏன் எழுந்து மறுபடி தன் உடம்புக்குள் வந்துவிடக் கூடாது என்று குழந்தையைப் போலக் கேட்டு அழுகிறாள். எம்மா கால்ஃபீல்ட் நடித்த அந்தச் சில நிமிடங்கள் இந்தப் பருவத்தின் உச்சம் என்பேன். முந்தைய பருவத்தின் 'ஹஷ்' அத்தியாயத்தை எம்மி விருதுக்குப் பரிந்துரைத்தவர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

கட்டுரையாளரின் வாதத்துக்கு நேரடியான மறுமொழி அடுத்த அத்தியாயத்திலேயே இருக்கிறது. டான் மந்திரத்தால் தாயை மீட்க முயல்கிறாள். வாசல் கதவு தட்டப்படுகிறது. அதுவரை அழக்கூட நேரமின்றி இறுதிச் சடங்கு வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்த பஃபி, அம்மா என்று கதவை நோக்கி ஓடுகிறாள். அந்தக் கணத்தில் டான் தாயின் புகைப்படத்தைக் கிழித்து மந்திரத்தை முறித்துவிடுகிறாள். கதவுக்கு வெளியே யாரும் இல்லை. இறந்தவரைத் திரும்ப அழைக்கும் வழி கையிலிருந்தும் வேண்டாம் என்று அந்தச் சிறுமியையே முடிவெடுக்க வைத்த கதையில் மரணத்துக்கு எடையில்லை என்று எப்படிச் சொல்வது?

குறைகள் இல்லாமல் இல்லை. குளோரியின் ஆர்ப்பாட்டம் சில இடங்களில் சலிப்பூட்டுகிறது. பிற்பகுதியில் குதிரையேறி வரும் வீரர்கள் கதையோடு ஒட்டவில்லை. தங்கைக்குப் பதிலாகப் பஃபி தன் உயிரைக் கொடுக்கும் இறுதி அத்தியாயத்துக்குப் பின், அடுத்த பருவத்தில் அவளை உயிர்ப்பித்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் ஜாய்ஸ் அப்படித் திரும்பி வரவே இல்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்குள் கட்டுரையாளர் இந்தப் பருவத்தை மட்டுமாவது முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். 16ஆம் அத்தியாயத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால், டான் யாரை இழந்தாள் என்பது புரியாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை