சொகுசுக் கப்பலில் பிள்ளை பசித்து அழுதால்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினாலே உங்கள் நாளிதழில் சிங்கப்பூர் சொகுசுக் கப்பல் விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடுகின்றன. நான்கு இரவு, ஐந்து பகல், விமானம், விசா, சாப்பாடு எல்லாம் உள்பட என்று போட்டிருக்கும். அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் போன வருடம் நாங்களும் போனோம். நான், என் கணவர், மாமியார், ஆறு வயது மகள், இரண்டு வயது மகன். பயணத்தைக் குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கடலை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததை என் மாமியார் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த 'சாப்பாடு உள்பட' என்ற இரண்டு சொல்லுக்குள் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு விஷயம் ஒளிந்திருக்கிறது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதை எழுதித்தான் ஆகவேண்டும்.

முதலில் நேரம். பெரிய கப்பல்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிரதான உணவுக்கூடம் ஒன்று இருக்கும், பலவற்றில் அங்கே இரண்டு பந்தி. முதல் பந்தி மாலை ஐந்தரை, ஆறு மணி வாக்கில், இரண்டாவது எட்டு, எட்டரைக்கு. எந்தப் பந்தி என்பது டிக்கெட் போடும்போதே முடிவாகிவிடும். எங்கள் முகவர் எங்களிடம் கேட்கவே இல்லை, எட்டரை மணிப் பந்தியில் போட்டுவிட்டார். பிறகு விசாரித்தபோது, "நம்ம ஆளுங்க லேட்டாத்தானே சாப்பிடுவாங்க, அதான்" என்றார். பெரியவர்களுக்குச் சரி. இரண்டு வயதுப் பிள்ளைக்கு?

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை நான் கப்பலில் ஏறிய பிறகுதான் போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே எட்டரை என்றால் நமக்கு மாலை ஆறு, அங்கே ஆறு மணி என்றால் நமக்கு மூன்றரை, அதாவது பிள்ளை மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து பால் குடிக்கிற நேரம். காகிதத்தில் பார்த்தால் இரண்டாம் பந்திதான் நல்லது போலத் தெரியும். ஆனால் திருச்சியிலிருந்து ராத்திரி விமானம் பிடித்து, விடியற்காலையில் இறங்கி, கப்பல் ஏற மதியம் வரை வரிசையில் நின்ற பிள்ளைக்கு எந்த ஊர்க் கடிகாரமும் பொருந்தாது. முதல் நாள் மாலை ஏழு மணிக்கே அவன் தூங்கி விழ ஆரம்பித்துவிட்டான். தூங்கவிட்டால் நடு ராத்திரி பசித்து எழுவான் என்று எழுப்பி எழுப்பி உட்கார வைத்து, எட்டரைக்கு அந்தப் பளபளப்பான கூடத்துக்குள் தூக்கிக்கொண்டு போனோம்.

அங்கே சாப்பாடு வருவது நம் வீட்டுப் பந்தி மாதிரி இல்லை. முதலில் ஒரு சின்ன தட்டு, அது முடிந்ததும் சூப், அப்புறம் முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் கால் மணி நேரம். மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். முக்கிய உணவு வருவதற்குள் என் மகன் உயர நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி, மேசைக்கு அடியில் படுத்து அழுதான். பக்கத்து மேசையிலிருந்த வயதான தம்பதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் காசு கொடுத்து அமைதியாகச் சாப்பிட வந்தவர்கள்தான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கம்பளம் விரித்த அந்த நீண்ட நடையில் அரை மணி நேரம் நடந்தேன். அவனுக்கும் பசி, எனக்கும் பசி. கடைசியில் கணவர் ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அதைத் தின்றுவிட்டு அவன் தோளிலேயே தூங்கிப்போனான். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் நாளொன்றுக்கு எங்களுக்குப் போட்ட அதே சேவைக் கட்டணத்தைப் பில்லில் போட்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பஃபேக்குப் போயிருக்கலாமே என்று நிறைய பேர் கேட்டார்கள். போகலாம், மேல் தளத்தில் இருக்கிறது, பிள்ளைகளோடு வருபவர்களில் பாதிப் பேர் அங்கேதான். ஆனால் பஃபே நாள் முழுக்கத் திறந்திருக்காது. நாங்கள் போன கப்பலில் மதியம் மூன்று மணிக்கு மூடி மாலை ஐந்தரைக்குத் திறந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நேரக் குழப்பத்தில் சரியாக அந்த இடைவெளியில்தான் பசிக்கிறது! அப்போது பீட்சாவும் கேக்கும்தான் கிடைக்கும்.

அடுத்தது என்ன சாப்பிடுவது என்பது. குழந்தைகளுக்கென்று தனி மெனு அட்டை தருகிறார்கள், ஓரத்தில் வண்ணம் தீட்டப் படமெல்லாம் போட்டு அழகாகத்தான் இருக்கிறது. அதில் இருப்பது சிக்கன் நகெட்ஸ், உருளைக்கிழங்கு வறுவல், பாஸ்தா, பீட்சா, ஹாட் டாக். ஐந்து நாளும் அதே அட்டை. என் மகள் முதல் நாள் சந்தோஷமாகச் சாப்பிட்டாள், மூன்றாம் நாள் வயிறு கட்டிக்கொண்டு அவஸ்தைப்பட்டாள். சைவம் சாப்பிடும் குடும்பங்களுக்கு அந்த அட்டையில் இரண்டே வழிதான். இந்திய உணவும் இருக்கிறதே என்றால், ஆமாம், இருந்தது. ஆனால் இந்திய உணவு என்றால் அங்கே வட இந்திய உணவு. வெண்ணெயும் மசாலாவும் போட்ட பனீர், தால் மக்கனி, நாண். இதில் எதை எடுத்து இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பிசைந்து ஊட்டுவது? ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு, கொஞ்சம் தயிர், ஒரு சிட்டிகை உப்பு. ஆயிரக்கணக்கானவர்களுக்கு விதவிதமாகச் சமைக்கிற ஒரு சமையலறைக்கு இது பெரிய வேலையே கிடையாது. கேட்கத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

நான் இரண்டாம் நாள் காலையில் கேட்டேன். உணவுக்கூடத்துக்குப் பொறுப்பானவரைப் போய்ப் பார்த்து, கைக்குழந்தை இருக்கிறது, முதல் பந்திக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். காத்திருப்போர் பட்டியலில் போட்டு, மறுநாள் சாயங்காலம் மாற்றிக் கொடுத்தார். புது மேசையின் பணியாளர் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். ஊரில் தன் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு எட்டு மாத ஒப்பந்தத்தில் வந்திருப்பதாகச் சொன்னார். நாங்கள் உட்காரும் முன்பே வெட்டிய வாழைப்பழமும் ரொட்டியும் வைத்துவிட்டு, பிள்ளைகளின் உணவை எங்கள் சூப்போடு சேர்த்தே கொண்டுவந்தார். நாளைக்கு என்ன வேண்டும் என்று இன்றே சொல்லிவிடுங்கள், சமையலறையில் சொல்லி வைக்கிறேன் என்றார். மறுநாளிலிருந்து குழைந்த சோறும், காரம் போடாத பருப்பும், தயிரும் எங்கள் மேசைக்கு வந்தன. பெரியவர்களின் மெனுவிலிருந்தும் பிள்ளைகளுக்கு எதை வேண்டுமானாலும் பாதி அளவு கேட்கலாம், அதற்குத் தனிக் காசு இல்லை என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். வேகவைத்த காய், மசித்த உருளைக்கிழங்கு, காரமில்லாத சூப் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கூடத்தில் நான் கையால் பிசைந்துதான் ஊட்டினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

காலையில் எங்களைக் காப்பாற்றியது கஞ்சி. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் சீனப் பயணிகளுக்காகக் காலை உணவில் அரிசிக் கஞ்சி வைப்பது வழக்கம். ஆங்கிலத்தில் அதற்குச் சொல்கிற 'காஞ்சி' என்ற பெயரே நம் கஞ்சியிலிருந்து போனதுதான். ஆனால் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு உடனே எடுத்துவிடாதீர்கள். சில நாள் கோழியோ பன்றி இறைச்சியோ அதிலேயே போட்டு வேகவைத்திருப்பார்கள். எதுவும் சேர்க்காத வெறும் கஞ்சி இருக்கிறதா என்று கேளுங்கள். அதேபோலக் காய்கறிப் பொரியல் போலத் தெரிவதில் சிப்பிச் சாறோ உலர்ந்த இறாலோ இருக்கலாம், சாத்தே என்ற சுட்ட இறைச்சிக் குச்சிகளோடு தரும் சாற்றில் வேர்க்கடலை நிறைய இருக்கும். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, கப்பலில் ஒவ்வொரு வேளையும் வாயாலும் சொல்ல வேண்டும். முழுத் திராட்சையை அப்படியே சின்னப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள்.

வீட்டிலிருந்து எடுத்துப் போனால் என்ன என்று நாங்களும் நினைத்தோம். என் மாமியார் பருப்புப் பொடி அரைத்து, ஒரு குட்டி மின்சாரக் குக்கரும் எடுத்து வைத்திருந்தார். ஏறும் இடத்தில் பைகளை எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். குக்கரை எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போது திருப்பிக் கொடுத்தார்கள். சூடாக்கும் கம்பி உள்ள எந்தச் சாமானும் தீ ஆபத்து என்பதால் கேபினுக்குள் அனுமதி இல்லை. அது நியாயம்தான், நடுக்கடலில் தீ என்பது விளையாட்டில்லை. வீட்டில் அரைத்த பொடியையும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் சீல் பிரிக்காத பால் பவுடர் டப்பாவையும் கடையில் வாங்கிய குழந்தை உணவையும் விட்டுவிட்டார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் அதற்கேற்ப வாங்கி வந்திருப்போம். அப்புறம், ஒரு நல்ல ஸ்டீல் ஃபிளாஸ்க் எடுத்துப் போங்கள். எங்கள் கேபினில் வெந்நீர் வசதி கிடையாது. முதல் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை பாலுக்கு அழுதபோது என் கணவர் எட்டு மாடி லிஃப்டில் ஏறி டீ வைக்கும் இடத்தில் ஒரு கோப்பை வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் பன்னிரண்டு டாலர் கொடுத்துக் கப்பல் கடையிலேயே ஃபிளாஸ்க் வாங்கினோம்.

கை கழுவுவது பற்றியும் ஒரு வார்த்தை. பஃபே வாசலில் கையில் தெளிக்கும் சானிடைசரோடு நிறுத்திவிடாதீர்கள். கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்புவதில் பேர் போனது நோரோ வைரஸ், அதன்மேல் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சோதித்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறது, 86 வாங்கினால்தான் தேர்ச்சி, அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம்மிடம் டிக்கெட் விற்கிறவர்களும் கப்பலின் சுகாதாரம் பற்றி ஒரு வரியாவது சொல்ல வேண்டாமா?

"இவ்வளவு சின்னப் பிள்ளையை எதற்குக் கூட்டிப் போகிறீர்கள்" என்று கேட்பவர்கள் உண்டு, என் சொந்தத்திலேயே கேட்டார்கள். கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் மூன்று வயது முடிந்து டயப்பர் விட்ட பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். மகளைச் சேர்த்துக்கொண்டார்கள், மகன் எங்களோடுதான். அவனை யாரிடமோ விட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட நாங்கள் போகவில்லை. கணவருக்கு வருடத்தில் பத்து நாள்தான் சேர்ந்தாற்போல் விடுமுறை. பாட்டியும் பேரனும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றுதான் போனோம். மூன்றாம் நாள் ராத்திரியிலிருந்து அது நடந்தது. அதற்கு முன் போன இரண்டு ராத்திரிகளும் வீணாகப் போயிருக்க வேண்டியதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போது சிங்கப்பூர் வரை போகவேண்டும் என்றுகூட இல்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் பயணத்தை முதல்வர் தொடங்கி வைத்தார், அடுத்த வருடம் இலங்கைக்கும் போனது. இனி நம் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு இன்னும் நிறைய ஏறுவார்கள். ஆகவே பயண முகவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைகளின் வயதைக் கேட்டு எழுதுகிற அதே படிவத்தில், அந்தப் பிள்ளை ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடும், என்ன சாப்பிடும் என்று இன்னும் இரண்டு கேள்வி சேருங்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாமல் வரும்போது சாப்பிடும் முறை சில கப்பல்களில் இருக்கிறது, அது இருந்தால் அதைச் சொல்லுங்கள். கப்பல் நிறுவனங்கள் தமிழ்நாட்டில் விளம்பரம் செய்து ஆள் சேர்க்கிறார்கள் என்றால், பஃபே மூடியிருக்கும் நேரத்திலும் வெள்ளைச் சோறும் தயிரும் ஒரு மூலையில் இருக்கட்டும். ஆசிரியர் அவர்களே, உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் கப்பலின் நீச்சல் குளத்தையும் கடைத்தெருவையும் பற்றி எழுதும்போது, அங்கே ஒரு குழந்தை எப்படிச் சாப்பிடும் என்பதையும் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்.

வருகிற டிசம்பரில் என் தங்கை ஒன்றரை வயதுப் பெண்ணோடு இதே வழியில் போகிறாள். நானே முகவர் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்து முதல் பந்தி போட வைத்தேன். சோறு, தயிர், காரமில்லாத பருப்பு என்று எழுதி மின்னஞ்சலும் அனுப்பியாயிற்று. கப்பலிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போய்க் கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
ஸ்ரீரங்கம்