சொல்வதெழுதுதல்

காரைக்குடி
ஞாயிறு மாலை

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீங்கள் கிளம்பிப் போன மறுநாளே எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. மூன்று நாளும் அது எங்கே ஒளிந்திருந்ததோ! போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே முடித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதே.

வெள்ளிக்கிழமை ராத்திரி கூப்பிட்டு, "நீ அந்த ஸ்கேல் விஷயம் சொன்னியே, அதைப் படத்தில் வைக்கவா, எடுக்கவா?" என்று கேட்டாய். எடுத்துவிடு என்றேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், உன் தம்பிக்குப் படிக்க வராமல் போனதைப் படம் எடுக்க வந்தார்களே, அந்த உன் ஆட்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது.

கானாடுகாத்தானில் நாள் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தாயே, அது எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாம் இருப்பது ஓட்டு வீடு. உன் தம்பி அங்கேதான் பிறந்தான், அங்கேதான் படிப்பு வராமல் அழுதான். "செட்டிநாடு என்றால் ஜனங்கள் இதைத்தான் எதிர்பார்ப்பார்கள்" என்றாய். சரி. கேமராக்காரத் தம்பிக்கு பர்மா தேக்குத் தூணைக் கண்டதிலிருந்து வேறெதுவும் கண்ணில் படவில்லை. தூணுக்குக் கீழேயிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவராம், அதில் வெளிச்சம் வழுக்குகிறதாம். வழுக்கட்டும். உன் தம்பி எட்டு மணிக்கே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து பட்டாலையில் உட்கார்ந்தவன். பதினொன்றரைக்குத்தான் கேமரா அவன் பக்கம் திரும்பியது.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவன் சவுண்டுத் தம்பிதான். புடவைத் தலைப்பில் மைக் குத்த வரும்போது, "அம்மா, நீங்களே மாட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். ஆனால் ஃபேனைப் போட விடமாட்டான். ஃபேன் நின்றால் காக்கா, காக்கா நின்றால் கோயில் மைக்செட், அது ஓய்ந்தால் பால்காரர் வண்டி. ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்குவான், நீ நிறுத்துவாய். கடைசியில் எல்லாரையும் ஒரு நிமிஷம் அசையாமல் இருக்கச் சொன்னான். வெறும் அறைக்கும் ஒரு சத்தம் உண்டாம். பேச்சை வெட்டி ஒட்டும்போது ஒட்டுப் போட்ட இடம் தெரியாமலிருக்க அதை அடியில் பூசுவார்களாம். 34 வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் அந்த ஆடுகிற எழுத்து. லேப்டாப்பில் போட்டுக் காட்டினாயே, எழுத்தெல்லாம் மிதந்து, குப்புற விழுந்து, கறுப்பு எறும்பு மாதிரி ஓடுவதை. உன் தம்பி முழுவதையும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நல்லா இருக்குக்கா. ஆனா எனக்கு எழுத்து ஆடினதே இல்ல. அது பாட்டுக்கு அங்கதான் நிக்கும். நான்தான் அதுக்கு முன்னாடி போய் நிப்பேன், பேரு வராது. தெரிஞ்ச ஆளு எதிர்ல வர்றாரு, பேரு மட்டும் தொண்டைக்குள்ள நிக்குமே, அது மாதிரி. ஒவ்வொரு எழுத்துக்கும்."

நீ மாற்று என்று சொன்னாயா இல்லையா தெரியவில்லை. மாற்றிவிடு. நீ சென்னையிலிருந்து அழைத்து வந்த ஸ்பெஷல் எஜுகேட்டர் அம்மாவும் அதையேதான் சொன்னார். கண்ணில் கோளாறு இல்லை, புத்தியிலும் குறைவில்லை. எழுத்தையும் அதன் ஒலியையும் மூளை முடிச்சுப் போடுகிற இடத்தில்தான் இழுபறி. எழுத்தைத் திருப்பி எழுதுவது சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதானாம். ஆடுகிற எழுத்தைப் போட்டால் பார்க்கிறவர்கள் நேரே கண்ணாடிக் கடைக்குப் போவார்கள். நானும் அவனைக் கூட்டிக்கொண்டு போனவள்தானே? இரண்டு தடவை. பார்வை நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். பார்வை நன்றாக இருந்தால் திமிர்தானே என்று முடிவு கட்டினேன்.

அந்த அம்மா சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் ஒரு கதை சொன்னார், அப்போது கேமரா ஓடவில்லை. 1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினாராம். கெட்டிக்காரப் பையன், கணக்கு வரும், படிக்க மட்டும் வராது. பெர்சி என்ற தன் பெயரையே பிரெசி என்று எழுதுவான், தப்பு என்று அவனுக்கே தெரியாது. பாடத்தை எல்லாம் வாயாலேயே நடத்தினால் இவன்தான் பள்ளிக்கூடத்திலேயே முதல் ஆளாக இருப்பான் என்று அவனுடைய வாத்தியார் சொன்னாராம். எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கேயோ ஒரு வாத்தியாருக்கு 1896-இல் தெரிந்தது. எனக்கு 1995-இல் தெரியவில்லை. இந்தப் படிப்புச் சிக்கலுக்கு டிஸ்லெக்சியா என்று பெயராம், சென்னையில் அதற்கு 1991-லேயே சங்கம் தொடங்கிவிட்டார்களாம். சென்னை என்ன சீமையா? ஒரு ராத்திரிப் பயணம்.

'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள். கொம்பை முன்னால் போடுகிறோம், காலைப் பின்னால் போடுகிறோம், நடுவில் 'க'. ஆனால் வாயில் 'க்' முதலில் வருகிறது, 'ஒ' பிறகு வருகிறது. கண் ஒரு வரிசையில் பார்க்கிறது, வாய் இன்னொரு வரிசையில் சொல்கிறது. 247 எழுத்தையும் 34 வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், இது ஒரு பிள்ளைக்குச் சிக்கலாக இருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோதுதான், 1978-இல், எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. 'லை'க்கும் 'னை'க்கும் யானைத் துதிக்கை போட்டுப் பழகிய கை. பதின்மூன்றே எழுத்துதான் மாறியது. கை பழையதற்கே போகும். ஒரு வருஷம் அடித்து அடித்து எழுதினேன். என்னை யாரும் மக்கு என்று சொல்லவில்லை.

உன் தம்பி நாலாம் வகுப்பு போகும்போது கம்பன் மணிமண்டபத்தில் இருக்கிற தமிழ்த்தாய் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேனே, உனக்கு நினைவிருக்கா? நீயும் வந்தாய், வெயில் சுடுகிறது என்று நொணநொணத்தாய். அங்கே தமிழ்த்தாயோடு ஒலித்தாய், வரித்தாய் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒலிக்கு ஒருத்தி, எழுத்துக்கு ஒருத்தி. இவனுக்கு எழுத்தைக் கொடு தாயே என்று வரித்தாயிடம் வேண்டிக்கொண்டேன். அந்த எஜுகேட்டர் அம்மா சொன்னதைக் கேட்ட பிறகுதான் ஆளை மாற்றி வேண்டியிருக்கிறேன் என்று புரிந்தது. வேடிக்கையாகத்தான் சொல்கிறேன், கோபிக்காதே.

இந்தப் படிப்புச் சிக்கல் குடும்பத்தில் ஓடுமாம். உன் அப்பா தினமும் என்னைப் பேப்பர் வாசிக்கச் சொல்லிக் கேட்பாரே, கண்ணாடியைக் காணோம் என்று. கண்ணாடி சட்டைப் பையில்தான் இருக்கும்.

மூன்றாம் நாள், தரையில் பதிக்கிற பூக்கல் செய்கிற ஆத்தங்குடிப் பட்டறை. அன்றைக்கு எடுத்ததுதான் உருப்படி என்பது என் அபிப்பிராயம். அவன் வேலை செய்வதை நானும் அவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை. கண்ணாடியைத் துடைத்து வைக்கிறான். அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கரண்டியால் சாயக் கலவையை ஊற்றுகிறான், ஒரு சொட்டு பக்கத்து அறைக்குத் தாவவில்லை. அச்சை அப்படியே தூக்கினான், பூ தனியாக நின்றது. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக்கலவை போட்டு அமுக்கினான். கல்லுக்கு முகம் கீழே, முதுகு மேலே. கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும்போதுதான் முகம் தெரியும். 'நல்வரவு' கல்லுக்கு எழுத்து அச்சை இடம் வலம் மாற்றி வைக்கிறான், யோசிக்கக்கூட இல்லை. நீ உடனே கண்ணைக் காட்டினாய், கேமராவும் கிட்டே போனது. ஒன்று சொல்கிறேன் கேள். இதற்கு மேலே "இவர்களுக்கு இப்படி ஒரு தனித்திறமை" என்று குரல் கொடுத்துவிடாதே. 20 வருஷமாகச் செய்கிறான், அதனால் வருகிறது. அவனுக்குத் திறமை இருந்தால்தான் மரியாதையா?

அந்த இடத்தில்தானே பின்னாலிருந்து, "டேய் கெக்கு, தொட்டி நெறஞ்சிருச்சுடா!" என்று ஒரு குரல் வந்தது? அவனோடு படித்தவன், இப்போது அங்கேயே வேலை. சவுண்டுத் தம்பி கையைத் தூக்கினான், நீ கட் சொன்னாய். மறுபடி ஒரு கண்ணாடி துடைத்து, மறுபடி முதலிலிருந்து.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் நான் கேமராவுக்கு முன்னால் சொன்னது இதுதான். மூன்றாம் வகுப்பில் அவன் என் வகுப்பிலேயே இருந்தான். மகன் என்று சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று மற்றவர்களை விட அவனை அதிகம் அடித்தேன். ஒருநாள் மர ஸ்கேலைக் குத்தாகப் பிடித்து விரல் முட்டியில் அடித்தேன், ரத்தம் கட்டிவிட்டது. சொல்லும்போது அழுதேன். லைட் பிடித்திருந்த பெண்கூட மூக்கை உறிஞ்சினாள். அழுகை நிஜம்தான். ஆனால் உன்னிடம் மறைப்பானேன், தப்பை ஒத்துக்கொள்கிற தாய் என்று உள்ளே ஒரு மூலையில் பெருமையும் இருந்தது. பிறகு நாலு பேர் பார்ப்பார்களே என்று பயம் வந்து, எடுத்துவிடு என்றேன்.

நேற்று ராத்திரி பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தோம். அவனிடம் கேட்டேன், "அந்த ஸ்கேல் அடியைப் படத்தில் வைக்கலாமாப்பா?"

"எந்த ஸ்கேல் அடி?" என்றான்.

சொன்னேன். யோசித்தான். "ஞாபகமே இல்லம்மா. எல்லா வாத்தியாரும்தான் அடிச்சாங்க. யாரு எங்க அடிச்சான்னு கணக்கா வச்சிருக்கேன்?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "நீ சொல்வதெழுதுதல் வைப்பியே. ஒருநாள் என் நோட்டை எடுத்து லீடர் பொண்ணுகிட்ட குடுத்து, எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிறபடியே சத்தமா வாசின்னு சொன்ன. கொக்குன்னு எழுதறதுக்கு நான் கால் போடாம விட்டிருக்கேன். அவ கெக்கு பறந்ததுன்னு வாசிச்சா. கிளாஸே சிரிச்சுச்சு. நீயும் சிரிச்ச."

பாப்பா, எனக்கு அது துளியும் நினைவில் இல்லை. அந்தப் பெண், அந்த நோட்டு, எதுவும் இல்லை. 'கெக்கு' என்று அவன் கூட்டாளிகள் முப்பது வருஷமாக நம் வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். "கெக்கு இருக்கானா ஆத்தா?" என்று கேட்பார்கள், "குளிக்கிறான்ப்பா, உட்காரு" என்பேன். ஏதோ பையன்கள் வைத்துக்கொண்ட பெயர் என்று இருந்துவிட்டேன். நான் வைத்த பெயர் அது.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கொசு கடிக்கிறது என்று உள்ளே போய்விட்டான்.

ஆகையால் நான் அழுதது இருக்கிறதே, அதை எடுத்தே விடு. பயத்தால் சொல்லவில்லை, அது எனக்குத் தோதான கதை, அதனால் சொல்கிறேன். ஒருநாள் வா. நம் வீட்டுக்கே வா, தூணெல்லாம் வேண்டாம், அந்தப் படியே போதும். அவன் சம்மதித்தால் அவன் சொல்லட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். என்னிடம் எதுவும் கேட்காதே.

இன்னொன்று. கையெழுத்து வாங்கினீர்களே ஒரு படிவம், இரண்டு பக்கம், பொடி எழுத்து, அத்தனையும் இங்கிலீஷ். உன் தம்பி வாசிக்காமலே கையெழுத்துப் போட்டான். படிக்க வராத பிள்ளைகளைப் பற்றிப் படம் எடுக்க வந்தவர்கள் நீட்டிய காகிதம் அது! பத்தாம் வகுப்புப் பரீட்சையிலேயே இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும் எழுத ஆளும் கொடுக்கிறார்கள் இப்போது, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே இவர்களைச் சேர்த்தாயிற்று என்று உன் படத்திலேயே அந்த அம்மா சொல்கிறார். நீ அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதி, உன் குரலில் வாசித்து அவன் போனுக்கு அனுப்பு. இரண்டு நாள் கேட்டுவிட்டு, பிடித்தால் கையெழுத்துப் போடுவான், பிடிக்காவிட்டால் விட்டுவிடு.

அந்த 'கெக்கு' சத்தம் விழுந்த டேக்கை அழித்துவிட்டீர்களா? சவுண்டுத் தம்பியைக் கேட்டுப் பார். அவன் எதையும் தூக்கிப் போடுகிறவன் மாதிரித் தெரியவில்லை. அவனுக்குச் சீப்புச் சீடை தனியாக டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், நமுத்துப் போவதற்குள் வந்தால் தேவலை.

அன்புடன்,
அம்மா

பி.கு.: இதை உன் தம்பிக்கு முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னான். கானாடுகாத்தானில் கேமரா அவன் பக்கம் பத்து மணிக்கே திரும்பிவிட்டதாம், பதினொன்றரை இல்லையாம்.