இசைத் தொழில்நுட்பம் படிக்கக் கடற்கரைதான் நல்ல வகுப்பறை: ஒரு திறந்த மடல்

அழகப்பா பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். மண்டபம் பக்கம் மைக்செட் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் நான். முளைப்பாரி, சந்தனக்கூடு, மாதா கோயில் தேர், காதுகுத்து எல்லாவற்றுக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டுகிறோம். இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் உங்கள் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்பதால் இந்தக் கோரிக்கையை உங்களிடம் வைக்கிறேன். இந்தக் கரையில் ஒரு கல்லூரியிலாவது பயன்பாட்டு இசைத் தொழில்நுட்பத்தை, அதாவது சத்தத்தைப் பெருக்கவும் பதியவும் திருத்தவும் கற்றுத்தரும் படிப்பை, இளநிலைப் பட்டமாகத் தொடங்குங்கள். ஆனால் சினிமா ஸ்டுடியோவுக்கு ஆள் அனுப்புகிற படிப்பாக அதை ஆக்கிவிடாதீர்கள். அதற்குத் தரமணி திரைப்படக் கல்லூரி இருக்கிறது. எங்களுக்கு வேலை இங்கேயே கிடக்கிறது.

உதாரணத்துக்கு, திருவிழாத் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒரு பெட்டி, 170 மீட்டர் தள்ளித் தெருக்கோடியில் இன்னொரு குழாய். ஒயரில் வரும் சிக்னல் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். காற்றில் வரும் சத்தமோ நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் நகரும். ஆகவே கோடியில் நிற்பவர் பக்கத்துக் குழாயில் ஒரு சொல்லைக் கேட்டு அரை நொடி கழித்து, அதே சொல்லை மேடையிலிருந்தும் கேட்பார். பேச்சு குழம்பிவிடும். கோடிக் குழாய்க்கு அரை நொடி தாமதம் வைத்தால் தீர்ந்தது. அதைச் செய்யும் கருவி இன்றைய டிஜிட்டல் மிக்ஸர்களில் பலவற்றில் உண்டு. கணக்குப் போடத்தான் ஆள் இல்லை. "சத்தம் பத்தலை, கூட்டு" என்பதுதான் எங்கள் தொழிலின் ஒரே சூத்திரம்!

அப்புறம் காற்று. வாடை அடிக்கும் மாதங்களில் வடக்கு பார்த்துக் குழாய் கட்டினால், எதிர்க்காற்றில் சத்தம் மேல்நோக்கி வளைந்து ஊரைத் தாண்டிப் போய்விடும். ஐநூறு வாட் ஆம்ப்ளிஃபயரை எடுத்துவிட்டு ஆயிரம் வாட் வைப்பார்கள். வாட் இரட்டித்தால் சத்த அளவில் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு லேசாகத்தான் தெரியும். கடன் வாங்கிப் பெட்டி வாங்கியவரிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார். குழாயின் திசையை மாற்றுவதற்குக் காசு செலவில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல்தான் உச்சம் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. அதை அளந்து காட்டத் தெரிந்த ஒருவர் ஊருக்கு ஊர் இருந்தால் காவல் நிலையப் பஞ்சாயத்துகள் பாதி குறையும்.

அடுத்து நாதஸ்வரம். மின்னிசைக் கருவிகளும் கணினியும் ஸ்வரங்களைப் பரிமாறிக்கொள்ள 1983-இல் வந்த மிடி முறை, ஒரு ஸ்வரத்தை அழுத்தி விடுகிற விசைப்பலகையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியில் உதடும் மூச்சும் சேர்ந்து இழுக்கிற கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, அதில் எழுத 'பிட்ச் பெண்ட்' என்ற சுருதி வளைக்கும் கட்டளையைப் போட்டு வளைத்து வளைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். சுருதி திருத்தும் மென்பொருளைக் கவனமில்லாமல் போட்டால் கமகத்தையே தப்பென்று நினைத்து நேராக்கிவிடும். கல்யாண வீடியோக்களில் தோடி ராகம் படும் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வில் கர்நாடக இசையைக் கணினியால் அலசினார்கள், சென்னை ஐஐடியும் அதில் சேர்ந்து உழைத்தது. அங்கே முடியும்போது இங்கே முடியாதா?

இன்னொரு வேலைக்கு அவசரம் அதிகம். கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடிக்கொண்டே இழுப்பார்கள். தாளம் கையின் இழுவைக்குக் கட்டுப்பட்டது. பாடகர்களை ஸ்டுடியோவில் உட்காரவைத்தால் கயிறு இல்லாத பாட்டுதான் கிடைக்கும். மணலில் நின்றுதான் பதிய வேண்டும். மைக்குக்கு ரோமத் தொப்பி போட்டு, காற்றின் அடிச்சத்தத்தை ஃபில்டரில் வெட்டி, பாட்டைக் கெடுக்காமல் அலையையும் கொஞ்சம் விட்டுவைத்துப் பதிவது தனிக் கலை. பதிந்த பிறகு அது யாருக்குச் சொந்தம் என்பதையும் பாடமாக வையுங்கள். நிகழ்த்துபவருக்கு நம் பதிப்புரிமைச் சட்டம் 50 ஆண்டு உரிமை தருகிறது. பாடியவருக்கு அது தெரியாது, ஃபோனில் பதிந்து ஏற்றுகிறவருக்கும் தெரியாது. பயிற்சிக்குப் பாம்பனிலேயே கடல் ஓசை சமுதாய வானொலி இருக்கிறது.

சேர்க்கையில் ஒரு தயவு. பிளஸ் டூவில் கணிதம் எடுக்காத பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். முதல் பருவத்தில் லாகரிதமும் அலையும் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். கீபோர்டு வாசிக்கத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டாம், தவில் தெரிந்தாலும் சரி என்று சொல்லுங்கள். மென்பொருள் செலவுக்குப் பயப்படத் தேவையில்லை: ஒலியைப் பதிந்து திருத்தும் ஆடாசிட்டி, ஒலியை உருவாக்கும் பியூர் டேட்டா இரண்டும் இலவசம். கருவிகளுக்குத்தான் உப்புக்காற்று எமன். பராமரிப்பை நான்கு பக்கப் பின்னிணைப்பாகத் தள்ளாமல் தனித் தாளாகவே வைக்கலாம்.

பாடத்திட்டம் எழுதும் கூட்டம் ஒன்றை இந்தப் பக்கம் நடத்துங்கள். நாதஸ்வரக்காரரையும் கரைவலைக்காரரையும் கூப்பிட்டுப் பேசவையுங்கள். மைக்செட் என் பொறுப்பு. வாடகை வேண்டாம், கூட வரும் பையன்களுக்கு மதியச் சாப்பாடு போட்டால் போதும்.

இப்படிக்கு,
மைக்செட்காரன் ஒருவன், மண்டபம்