வேலைக்கு ஒரு பாட்டு, படுக்கைக்கு ஒரு பாட்டு

பாம்பன்,
ஆனி மாதம், 2025

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு மட்டும் முழங்கால் வலி. காற்று மாறினால் கூடும், பிறகு தானே குறையும். உன் கடிதத்தைக் கையில் கொடுக்கும்போதே தபால்காரர், "இன்னும் இன்லேண்டு லெட்டர் எழுதுற ஆள் இருக்காகளா?" என்று சிரித்தார். இருக்காக என்றேன்.

நீ கோயம்புத்தூரில் கச்சேரிக்குப் போன கதையை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவ்வளவு பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி, கால் கடுக்க நின்று, பாடுகிறவரைக் கடைசியில் பெரிய திரையில்தான் பார்த்தாய் என்றதும், "டிவி வீட்டுலயே இருக்குல்ல?" என்றார்கள். ஆனாலும் நீ பட்ட எரிச்சலில் நியாயம் உன் பக்கம்தான். ஆனால் கடிதத்தின் அடியில், "இந்தக் காலத்துப் பாட்டு எல்லாம் வெறும் இரைச்சல்" என்று ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறாயே, அதற்கு நான் சும்மா இருக்க மாட்டேன்.

நம் ஊர்க் கச்சேரி உனக்கு மறந்தே போயிருக்கும். இந்த வைகாசித் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு குழுவைக் கூட்டி வந்தார்கள். கீபோர்டு, பேடு, தபேலா, கிடார், பாட இரண்டு ஆண், ஒரு பெண். மேடைக்குப் பின்னால் கட்டிய படுதா கடல் காற்றில் நிற்கவே இல்லை. மைக்கில் பாட்டோடு சேர்ந்து காற்றும் ஊதியது. முதலில் சாமி பாட்டு, அது முறை. பிறகு எம்.எஸ்.வி. அதற்குப் பிறகு துண்டுச் சீட்டு வரத் தொடங்கியது. பெண்கள் பக்கமிருந்து போன சீட்டெல்லாம் இளையராஜா, பையன்கள் பக்கமிருந்து வந்ததெல்லாம் அனிருத். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும், போலீஸ்காரர் ஓரமாக வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மிச்சமிருக்கும் அரை மணி யாருக்கு என்று ஒரே கூச்சல்.

அந்தப் பாடகி கெட்டிக்காரி. பையன்கள் கேட்ட புதுப் பாட்டையே எடுத்தாள். பேடு அடிக்கிறவரைக் கையமர்த்திவிட்டு, தபேலாவையும் கொஞ்சம் கீபோர்டையும் மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடினாள். அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த கிழவிகள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். மெட்டு நன்றாகத்தான் இருந்ததடி. மேலே கொட்டி வைத்திருக்கிற சத்தத்துக்கு அடியில் அது கிடப்பதால் நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குள்ளேயும் மெட்டைப் பிடிக்கிற காது பையன்களுக்கு இருக்கிறது. சொற்கள் பாதி விளங்கவில்லை என்று நீ சொன்னால் ஒத்துக்கொள்வேன். எனக்கும் விளங்குவதில்லை.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. நான் பாட்டை எடை போடுவது கையால். ஒயர் கூடை பின்னுவதை மறுபடியும் பிடித்துவிட்டேன் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? அடி போடும்போது கண்ணிகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போது எந்தப் பாட்டும் ஆகாது. சுவர் எழும்பத் தொடங்கிவிட்டால் விரலுக்கு வழி தெரிந்துவிடும், காது சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் பேத்தியின் செல்போனில் ஓடுகிற புதுப் பாட்டுதான் சரி. அதன் தாளம் கையைத் தள்ளிக்கொண்டு போகும். இளையராஜாவைப் போட்டால் கூடை நகராது. ஒரு வயலின் வரும், ஒரு புல்லாங்குழல் வரும், முடிச்சைப் பாதியில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். அதனால் வேலைக்கு அனிருத், சாய் அபயங்கர். படுத்த பிறகு இளையராஜா. மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் அவர் சிம்பொனியை அரங்கேற்றியதைச் செய்தியில் காட்டினார்களே, பார்த்தாயா? 81 வயதில் அத்தனை வாத்தியக்காரர்களையும் உட்கார வைத்து, தான் எழுதியதை அவர்களை வாசிக்க வைத்துக் கேட்கிறார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும், "நம்ம பக்கத்துப் புள்ள" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பண்ணைப்புரம் எங்கே, பாம்பன் எங்கே! சொன்னால் கேட்கவா போகிறார்கள்?

நம் ஜில்லாவும் இசைக்கு ஒன்றும் குறைந்ததில்லை. கர்நாடகப் பாட்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் குருவாக இருந்த பூச்சி சீனிவாச ஐயங்கார், ராம்நாட் கிருஷ்ணன், மிருதங்கத்தில் சி.எஸ். முருகபூபதி எல்லாரும் ராமநாதபுரத்துக்காரர்கள்தான். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்கச் சென்னை சபாவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஊர்ப்பெயரை மட்டும் அவர்கள் கொண்டுபோனார்கள்.

ரேடியோ இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். காலையில் அடுப்படியில் 'கடல் ஓசை' 90.4தான். 2016 முதல் நம் பாம்பனிலிருந்தே ஒலிபரப்பாகிறது, மீன்பிடிக்கிற சனங்களுக்கென்றே உள்ள சமுதாய வானொலி. காற்று என்ன வேகம், கடல் எப்படி, இன்றைக்குப் போகலாமா கூடாதா என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுவார்கள். பேசுகிறவர்கள் நம் பேச்சிலேயே பேசுகிறார்கள், சென்னை எஃப்.எம்.காரர்கள் மாதிரி மூச்சுவிடாமல் கத்துவதில்லை. இரவில் முள்ளைக் கொஞ்சம் திருப்பினால் இலங்கை நிலையங்கள் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் அந்த நாள் இலங்கை வானொலி வராது. அதில் காலையில் வரும் 'பொங்கும் பூம்புனல்' முடிவதற்குள் நீ சடை பின்னி முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரயிலை விட்டுவிடுவோம். 1988-இல் ரோட்டுப் பாலம் திறக்கும்வரை அந்த ரயில்தானே நமக்குக் கதி! அந்த வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது ழகரத்தை உச்சரிப்பது மாதிரியே பேசிப் பார்த்து நீ தமிழம்மாவிடம் நல்ல பெயர் வாங்கினாய். நானும் அப்படித்தான் பேசினேன், என்னை மட்டும் நாடகம் ஆடாதே என்றார்கள். அதை இன்னும் மறக்கவில்லை.

டிவி விஷயம் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். 1982-இல் இலங்கையின் ரூபவாகினி டிவி தொடங்கியபோது ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி வைத்து, பாஷை புரியாமல் சிங்களச் செய்தியைக்கூட விடாமல் பார்த்தோமே, அந்த ஆசை இப்போது எதிலும் இல்லை. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு டிவி கோபுரம் நிற்கிறது. தெருவில் இருக்கிறவர்கள் அதை வழி சொல்லத்தான் பயன்படுத்துகிறார்கள். படம் எல்லாம் டிஷ்ஷிலும் போனிலும் வந்துவிடுகிறது. அத்தைக்கு ராத்திரி சீரியல் வேண்டும். நான் அதைப் பார்ப்பதில்லை, கேட்கிறேன். கண் கூடையில் இருக்கும், கதை விட்டுப்போகாது. கதவு திறக்கிற சத்தத்துக்கே மூன்று தடவை இடி இடிக்கிறார்கள், யார் வந்தார்கள் என்று நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பாட்டுப் போட்டிகள்தான் எனக்கு ஆறவில்லை. ஒரு பிள்ளை அருமையாகப் பாடி முடிக்கிறது. உடனே அதன் வீட்டுக் கஷ்டத்தைப் படம் எடுத்துப் போட்டு, நடுவர் அழுது, அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு... பாடினது என்ன ராகம் என்று ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளையின் குரலை நம்பினால் போதாதா? இந்தக் குறையில் நீயும் நானும் ஒரே கட்சியாகத்தான் இருப்போம்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கியதும் இவுக வீட்டோடு இருந்தாக. விசைப்படகு எல்லாம் 61 நாள் கரையில். படகுக்கு மராமத்து, பெயின்ட். மிச்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருப்பாக. நான் பக்கத்தில் ஒயரோடு. ரெண்டு பேரும் முடிச்சுப் போடுகிறோம், இவுக முடிச்சுக்கு மீன் வரும், என் முடிச்சுக்குக் காய்கறி வரும் என்று தெருவில் கேலி.

முகவைப் புத்தகத் திருவிழாவில் ஜோ டி குருஸின் 'கொற்கை' வாங்கி வைத்திருந்தேன். 2013-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். தூக்கவே இரண்டு கை வேண்டும், அதனால் கூடை பின்னிக்கொண்டு படிக்க வழியே இல்லை. அலமாரியில் அது பேசாமல் கிடந்தது. தடைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. இவுக வலையோடு சும்மா இருக்காகளே என்று நாலு பக்கம் வாய்விட்டு வாசித்தேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர் சனம், தோணி, சரக்கு, துறைமுகம். இவுக கை நின்றது. "அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசி" என்றாக. பள்ளிக்கூடம் விட்டபிறகு புத்தகம் என்று ஒன்றைத் தொடாத ஆளடி! அதற்குப் பிறகு மத்தியானம் தவறாமல் வாசிப்பு. அடுத்த வீட்டு அண்ணன் தன் வலையைத் தூக்கிக்கொண்டு நம் திண்ணைக்கே வந்துவிட்டார். வாசித்து எனக்குத் தொண்டை கட்டினாலும், அவர்களுக்கு வேலை ஓடியது. சீரியலுக்கும் சினிமாப் பாட்டுக்கும் மட்டுந்தான் காது போதும் என்று நினைத்திருந்தேன். ஒருவர் வாசித்தால் புத்தகத்துக்கும் போதும். வீட்டுக்கு வீடு அந்த ஒருவர்தான் இல்லை. நீ "கண் மங்குது, படிக்கிறதே விட்டுப் போச்சு" என்று எழுதியிருந்தாய். உன் பேரனை நாலு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பாரேன். தமிழ் திக்கித் திக்கித்தான் வரும், வரட்டும். சும்மா கேட்டுக்கொண்டு இருக்காதே, பட்டாணி உரி, பூக் கட்டு. கை சும்மா இருந்தால் தூக்கம் வந்துவிடும்.

ஜூன் 14-க்குப் பிறகு படகு போய்விட்டது. போகிறபோது இவுக போட்ட உத்தரவு: "நான் வர்றவரைக்கும் அடுத்த பக்கம் திருப்பக் கூடாது." திருப்பவில்லை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

பனை ஓலையில் பெட்டி பின்னவும் பழகுகிறேன். சாயல்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த ஒரு மதினி சொல்லிக்கொடுக்கிறார். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். நிறம் வேண்டியதைச் சாயப்பொடி போட்ட தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும். பின்னுவதற்கு முன்னால் கொஞ்சம் நனைத்துக்கொள்ளாவிட்டால் மடிக்கிற இடத்தில் ஒடியும். மழைக்காலத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும், அதனால் கோடையிலேயே ஓலையைச் சேர்த்துவைத்துக்கொள்கிறார்கள். 2019-இல் ஒருமுறை பயன்படுத்துகிற பிளாஸ்டிக்கைத் தடை செய்த பிறகு ஓலைப் பெட்டிக்குக் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கிறது. கல்யாணத்துக்குத் தாம்பூலம் போட்டுக் கொடுக்க, கருப்பட்டி வைக்க என்று கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் கடைக்காரர் ஒரு விலைக்கு விற்பதும் பின்னுகிறவர் கைக்கு வருவதும் வேறு வேறு கணக்கு. மதினி வாயைத் திறந்தால் அந்தக் கதை விடிய விடிய ஓடும். நான் விற்பதற்குப் பின்னவில்லை என்பதால் எனக்குப் பேச வாயில்லை. பேத்தி வேறு, "பாட்டி, உங்க ஒயரும் பிளாஸ்டிக்தானே?" என்று கேட்டுவிட்டாள். அம்மா எழுபதுகளில் பின்னிய கூடையில்தான் இன்றைக்கும் மீன் வாங்கி வருகிறேன், தூக்கி எறிந்தால்தானே குப்பை என்றேன். பதிலில் அவளுக்குத் திருப்தியில்லை. எனக்கும் பாதித் திருப்திதான்.

புது ரயில் பாலத்தைப் பார்க்க எப்போது வருகிறாய்? ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள். 1914-ஆம் ஆண்டுப் பாலத்தில் கப்பல் போக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித் தூக்குவார்களே, இப்போது நடுத்துண்டு அப்படியே நெட்டாக மேலே போகிறது. ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரீல்ஸ் எடுக்கிற கூட்டத்தில் நடக்கவே இடமில்லை. நீ ரயிலிலேயே வா. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த நாள் போலக் கடலில் காசு போடு, எனக்கும் சேர்த்து.

உனக்குச் சிவன் கண் பின்னலில் ஒரு ஒயர் கூடை போடலாம் என்று இருக்கிறேன். பச்சையும் வெள்ளையும் கைவசம் இருக்கிறது, மஞ்சள் வேண்டுமானால் ராமநாதபுரத்தில்தான் வாங்க வேண்டும். கோயிலுக்குக் கொண்டுபோகவா, மார்க்கெட்டுக்கா என்று எழுது. அதற்குத் தகுந்த மாதிரித்தான் கைப்பிடி நீளம் வைக்க முடியும். பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன். அந்தப் பாடகி பாடிய பாட்டின் பெயரைப் பேத்தியிடம் கேட்டு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தபேலாவோடு கேட்டதை நினைத்துக்கொண்டு கேள், அப்புறம் சண்டைக்கு வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி