படித்துக்கொண்டே வழிகாட்டுகிறவர்களுக்கு ஒரு துணை வேண்டும்

சேலம் மாவட்டக் கல்லூரி முதல்வர்களுக்கும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கல்லூரிகளில் படித்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து வழிகாட்டும் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவிலும், சிவதாபுரத்தில் கொலுசு வேலை நடக்கும் வீட்டுத் திண்ணையிலும், சேர்வராயன் மலைக் கிராமங்களில் கோயில் வாசலிலும் இது நடக்கிறது. நானும் அப்படி ஒருத்தி. ஏற்காட்டு மலையில் பிறந்தவள், எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப் போகிறவள்.

பாடம் நடத்தப் பள்ளியில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் எங்களிடம் கேட்பது வேறு. எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் நடத்தினால் எப்படிக் குறிப்பெடுப்பது, விடுதியில் ஊர்ப் பெயரைச் சொன்னால் சிரிப்பார்களா, முதல் பருவத்தில் ஒரு பாடம் போய்விட்டால் வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். இவற்றை ஆசிரியரிடம் கேட்கக் கூச்சம். இரண்டு வருடம் முன்னால் அதே பஸ்ஸில் ஏறிப்போன அக்காவிடம் கேட்கக் கூச்சமில்லை.

பிளஸ் டூ முடித்த ஒரு தங்கைக்குக் கல்லூரி விண்ணப்பம் போட உட்கார்ந்தோம். ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.) அவள் அப்பாவின் கைப்பேசிக்குப் போகிறது. அப்பா காப்பித் தோட்டத்தில் வேலையில் இருக்கிறார், அங்கே சிக்னல் கிடையாது. அவள் தம்பி தோட்டத்துக்கு ஓடி, கைப்பேசியை வாங்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வருவதற்குள் அந்த எண் காலாவதியாகிவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடையில் பழங்குடியினர் சாதிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகம், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையம். அவள் அம்மாவோ, இத்தனை அலைச்சல் எதற்கு, பேசாமல் வேலைக்குப் போகட்டும் என்றார். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும் என்பதை அன்றுதான் அவர் கேள்விப்பட்டார். அது 2022-இல் தொடங்கிய திட்டம். செய்தி மலையேறி அந்த வீட்டு வாசலுக்கு வர ஒரு ஆள் தேவைப்பட்டது.

இதையெல்லாம் எங்கள் படிப்புக்கு நடுவில்தான் செய்கிறோம். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு, அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கும் உள்மதிப்பீட்டுத் தேர்வுகள். சான்றிதழ் அலைச்சல் வேலை நாளில்தான் நடக்கும், அன்று எங்கள் வருகைப் பதிவு குறையும். 75 விழுக்காட்டுக்குக் கீழே போய்விடுவோமோ என்ற பயத்தில் நல்ல வழிகாட்டிகள் பாதியில் விலகியதைப் பார்த்திருக்கிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், 7 நாள் முகாமுக்கும் போக வேண்டும். முகாமைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மனம்விட்டுப் பேச 7 நாள் போதாது. வாராவாரம் அதே முகம் வர வேண்டும். சொந்த ஊரில் பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தையும் அந்த 240 மணியில் சேர்த்துக்கொள்ள வழிசெய்யுங்கள். மதிப்பெண்ணுக்காகக் கட்டாயப்படுத்த மட்டும் வேண்டாம். மதிப்பெண்ணுக்கு வருகிறவர் அது கிடைத்ததும் நின்றுவிடுவார், காத்திருக்கும் பிள்ளை ஏமாந்துபோகும்.

இவையெல்லாம் கிடைக்காவிட்டாலும் சமாளித்துக்கொள்வோம். எங்களால் சமாளிக்க முடியாத ஒன்று இருக்கிறது.

பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, “அக்கா, எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்” என்கிறாள். இருபது வயதில் நான் என்ன செய்வேன்? 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று தெரியும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் தெரியும். ஆனால் அவள் அப்பா எனக்கு மாமா முறை. என் வீடு அதே தெருவில் இருக்கிறது. தகவல் சொன்னது யார் என்று ஊர் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகாது. பிறகு எந்த வீடும் தன் பிள்ளையை என்னிடம் அனுப்பாது. சொல்லாமல் இருந்தால் அவள் படிப்பு அத்தோடு முடிந்தது. குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, சாகலாம்போல் இருக்கிறது என்று சொல்லும் பையன் என்று இப்படிப்பட்ட சுமைகளை மாணவ வழிகாட்டிகள் தனியாகச் சுமக்கிறார்கள், இரவில் தூங்காமல் கிடக்கிறார்கள், மறுநாள் காலை உங்கள் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள்.

எங்களுக்கு ஒரு பெரியவர் வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பேராசிரியரை, முடிந்தால் ஒரு பேராசிரியையையும், இதற்கென்றே அமர்த்துங்கள். நாங்கள் கொண்டுவரும் செய்தியை, எங்கள் பெயர் வெளியே வராமல், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ சமூகநல அலுவலருக்கோ கொண்டுபோகும் பொறுப்பு அவருடையதாக இருக்கட்டும். எதை நாங்களே பார்த்துக்கொள்ளலாம், எதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே அவர் எங்களுக்குச் சொல்லித்தரட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை அழைத்தாலும் அவர் எடுத்துப் பேச வேண்டும். பிள்ளைகள் எங்களிடம் வாய் திறப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

வருகிற ஜூனில் கல்லூரி திறக்கும்போதே அவர் பெயரையும் எண்ணையும் அறிவித்துவிடுங்கள். மற்ற கோரிக்கைகளுக்கு நேரம் ஆகலாம், இதற்கு முதல்வரின் ஒரு கையெழுத்து போதும்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி